ஏ.ஆர். முருகதாஸ்: அதிரடிப் படங்களின் திட்டக்காரர், மும்பைத் தமிழருக்குத் திரையில் வேறு முகம் தந்தவர்

குர்லா (மும்பை): தமிழ்த் திரையுலகில் அதிரடிப் படங்களை இயக்கிப் பெயர் பெற்றவர்களுள் ஏ.ஆர். முருகதாஸ் குறிப்பிடத்தக்கவர். 2001-ஆம் ஆண்டு ‘தீனா’ திரைப்படத்தின் மூலம் அறிமுகமான இவர், தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் முன்னணி நடிகர்களை இயக்கியுள்ளார். இவரது பல கதைகள் மொழி கடந்து மறுஆக்கம் செய்யப்பட்டுள்ளன. இவரது படைப்புகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் நகரம் மும்பை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், குர்லா என இந்நகரில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழர்களைத் திரையில் காட்டும் முறையில் இவரது ‘துப்பாக்கி’ ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. முருகதாஸின் திரைப்பயணம், அவரது படைப்பு முறை, அதன் வலிமைகள், குறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்தளிக்கிறது.

தொடக்கமும் பயிற்சியும்

முருகதாஸ் 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி கள்ளக்குறிச்சியில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி பிஷப் ஹீபர் கல்லூரியில் பட்டப்படிப்பு பயின்றார். பின்னர் சென்னைக்கு வந்து திரைத்துறையில் உதவியாளராகப் பணியாற்றத் தொடங்கினார். இயக்குநர் எஸ்.ஜே. சூர்யாவிடம் உதவி இயக்குநராக இருந்த காலம் அவரது பயிற்சிக் காலத்தில் முக்கியமானது.

முதல் படமான ‘தீனா’ 2001-ஆம் ஆண்டு பொங்கலையொட்டி வெளியானது. அஜித்குமார், லைலா, சுரேஷ் கோபி ஆகியோர் நடித்த இப்படத்திற்கு யுவன் சங்கர் ராஜா இசையமைத்தார். அதுவரை காதல் நாயகனாகவே பெரிதும் அறியப்பட்ட அஜித்தை அதிரடி நாயகனாக நிலைநிறுத்திய படங்களுள் இது முதன்மையானது. இப்படத்தில் நாயகனை அழைக்கப் பயன்பட்ட ‘தல’ என்னும் சொல் ரசிகர்களிடையே அவரது பட்டப்பெயராகவே நிலைத்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் அஜித் அப்பெயரால் தம்மை அழைக்க வேண்டாம் என அறிக்கை வெளியிடும் வரை, இருபது ஆண்டுகள் அது வழக்கில் இருந்தது.

‘தீனா’ இரு குடும்பங்களுக்கிடையிலான பகையையும் அடியாள் ஒருவனின் காதலையும் சொன்ன வழக்கமான கதை. முருகதாஸுக்கே உரிய முறை முழுமையாக வெளிப்பட்டது அடுத்த படத்தில்தான்.

ரமணா: கணக்கால் நகரும் அதிரடி

2002-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘ரமணா’வில் விஜயகாந்த் கல்லூரிப் பேராசிரியராக நடித்தார். இளையராஜா இசையமைத்தார். அரசு அலுவலகங்களில் பணிபுரியும் தம் முன்னாள் மாணவர்களைக் கொண்டு ஊழலுக்கு எதிராக ஓர் அமைப்பை மறைமுகமாக நடத்துகிறார் அப்பேராசிரியர். வட்டாட்சியர்கள் பதினைந்து பேர் கடத்தப்படுகின்றனர், அவர்களுள் மிக அதிகமாக லஞ்சம் பெற்ற ஒருவர் மட்டும் கொல்லப்படுகிறார், மற்றவர்கள் விடுவிக்கப்படுகின்றனர். அஞ்சிய மற்ற அலுவலர்கள் லஞ்சம் வாங்குவதை நிறுத்துகின்றனர்.

இக்கதையில் நாயகனின் உடல் வலிமையை விட அவனது கணக்கே பெரிது. யார், எங்கே, எத்தனை பேர், எந்த வரிசையில் என்பதுதான் காட்சியை நகர்த்துகிறது. இறந்துபோன ஒருவரின் உடலுக்குத் தனியார் மருத்துவமனை சிகிச்சை அளிப்பதாகக் கூறிப் பணம் பெறும் காட்சி, இன்றும் மருத்துவக் கட்டணம் குறித்த விவாதங்களில் நினைவுகூரப்படுகிறது. அக்காட்சியிலும் சண்டை இல்லை. ஆவணங்களும் தொகைகளுமே எதிரியை வீழ்த்துகின்றன.

படத்தின் இறுதியில் ரமணா சட்டத்தின் தண்டனையை ஏற்றுத் தூக்கு மேடை ஏறுகிறார். சட்டத்தைக் கையில் எடுத்தவன் அதற்கான விலையைச் செலுத்தியே ஆக வேண்டும் என்னும் முடிவு அது. தெலுங்கில் சிரஞ்சீவி நடிப்பில் ‘தாகூர்’ (2003) எனவும், கன்னடத்தில் விஷ்ணுவர்தன் நடிப்பில் ‘விஷ்ணு சேனா’ (2005) எனவும், இந்தியில் அக்‌ஷய் குமார் நடிப்பில் ‘கப்பர் இஸ் பேக்’ (2015) எனவும் இக்கதை மறுஆக்கம் பெற்றது. தெலுங்கு வடிவத்தில் நாயகனுக்கு மரண தண்டனை இல்லை. தமிழில் இருந்த அந்தக் கடுமை, இக்கதை வேறு மொழிக்குச் சென்றபோது தளர்ந்தது.

கஜினி: சென்னையிலிருந்து மும்பைக்கு

2005-ஆம் ஆண்டு வெளியான ‘கஜினி’ முருகதாஸை இந்திய அளவில் அறிமுகப்படுத்தியது. சூர்யா, அசின், நயன்தாரா நடித்த இப்படத்திற்கு ஹாரிஸ் ஜெயராஜ் இசையமைத்தார். தலையில் ஏற்பட்ட காயத்தால் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் எதையும் நினைவில் வைத்திருக்க இயலாத ஒருவன், தன் காதலியைக் கொன்றவனைத் தேடுவதே கதை. உடலில் பச்சை குத்திய எழுத்துகளும் உடனடியாக அச்சாகும் நிழற்படங்களும் அவனது நினைவாகின்றன. கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘மெமண்டோ’ (2000) படத்தின் தாக்கம் இக்கருவில் உள்ளது.

எனினும் ‘கஜினி’யின் வெற்றிக்குக் காரணம் அந்த நினைவிழப்பு உத்தி மட்டுமன்று. செல்வந்தனான தொழிலதிபர் தன்னை யார் என்று சொல்லாமல், விளம்பர நடிகை கல்பனாவிடம் சாதாரண மனிதனாகப் பழகும் நகைச்சுவைக் காதல் பகுதிதான் படத்தின் உயிர். அப்பெண்ணின் கலகலப்பும் பிறருக்கு உதவும் இயல்பும் பார்வையாளர் மனத்தில் பதிந்த பின்னரே அவளது கொலை நிகழ்கிறது. அதனால் பழிவாங்கும் கதைக்கு வேண்டிய சீற்றம் பார்வையாளரிடம் தானாக எழுகிறது. முருகதாஸ் படங்களின் பெண் பாத்திரங்களுள் இன்றளவும் கல்பனாவே முழுமையானவர்.

இந்தி ‘கஜினி’ 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி வெளியானது. ஆமிர் கான் நடிக்க, அசின் அதே பாத்திரத்தை மீண்டும் ஏற்றார். ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார். கதைக்களம் மும்பைக்கு மாறியது. தமிழில் ‘கஜினி’ என்பது மீண்டும் மீண்டும் படையெடுத்த கஜினி முகமதுவை நினைவூட்டிய உருவகத் தலைப்பு. இந்தியில் அது வில்லனின் பெயராகவே மாற்றப்பட்டது. இந்தியாவுக்குள் நிகர வசூலில் 100 கோடி ரூபாயைக் கடந்த முதல் இந்திப் படம் என்ற இடத்தை இது பெற்றது. பின்னர் ‘நூறு கோடி மன்றம்’ என்று இந்தித் திரையுலகம் பேசத் தொடங்கிய வழக்கத்திற்கு வித்திட்டது, தமிழிலிருந்து சென்ற ஓர் இயக்குநரின் படமாகும்.

படைப்பு முறையின் கூறுகள்

முருகதாஸின் படங்களை ஒருசேரப் பார்த்தால் சில கூறுகள் தொடர்ந்து காணப்படுகின்றன.

முதலாவது, ஒற்றை வரியில் சொல்லத்தக்க கரு. பதினைந்து நிமிட நினைவு (‘கஜினி’), ஒருவர் மூவருக்கு உதவி, அம்மூவர் ஒவ்வொருவரும் மேலும் மூவருக்கு உதவும் சங்கிலி (தெலுங்கு ‘ஸ்டாலின்’, 2006), விடுப்பில் வந்த ராணுவ வீரன் தன் நகரத்தைக் காப்பது (‘துப்பாக்கி’, 2012), வாக்குச்சாவடிக்குச் செல்லும்முன் தன் வாக்கை வேறொருவர் செலுத்திவிட்டதை அறிந்து வழக்குத் தொடுக்கும் செல்வந்தர் (‘சர்கார்’, 2018) என ஒவ்வொரு படத்தையும் ஒரு வரியில் கூறிவிடலாம். கதையின் சிக்கல் அனைத்தும் அந்த ஒரு வரியிலிருந்தே கிளைக்கிறது.

இரண்டாவது, மறைந்திருக்கும் அடையாளம். பேராசிரியரே அமைப்பின் தலைவர். சாதாரண மனிதனாகப் பழகுபவரே தொழிலதிபர். விடுப்பில் வந்த வீரரே ராணுவ உளவுப் பிரிவின் ரகசிய அலுவலர். ‘கத்தி’யில் சிறையிலிருந்து தப்பியவரே போராட்டத் தலைவராக நடிக்கிறார். பார்வையாளருக்குத் தெரிந்த உண்மை பிற பாத்திரங்களுக்குத் தெரியாது. இந்த இடைவெளியே நகைச்சுவைக்கும் விறுவிறுப்புக்கும் ஊற்று.

மூன்றாவது, எண்ணிக்கையும் ஒருங்கிணைப்பும். பதினைந்து வட்டாட்சியர்கள், பன்னிரண்டு இலக்குகள், மூன்று உதவிகள் என எண்கள் கதையின் சட்டகமாகின்றன. இவரது சிறந்த அதிரடிக் காட்சிகள் குத்துச்சண்டைகள் அல்ல, திட்டமிட்ட நடவடிக்கைகள். நாயகன் எதை எண்ணிச் செய்கிறான் என்பதைப் பார்வையாளர் படிப்படியாக உணர்வதே அங்கு கிடைக்கும் இன்பம். ‘கத்தி’யில் விளக்குகள் அணைந்து எரியும் அறையில், நாணயம் ஒன்றைச் சுண்டிவிட்டு நடக்கும் சண்டை, இந்தத் திட்டமிடல் உடல் மோதலுக்குள்ளும் புகுந்ததற்கு எடுத்துக்காட்டு.

நான்காவது, மக்களை நோக்கிய நீண்ட உரை. ‘கத்தி’யின் பத்திரிகையாளர் சந்திப்பு இதற்குச் சான்று. ஐந்தாவது, நாயகனுக்கு நிகரான எதிரி. ‘ஏழாம் அறிவு’ (2011) படத்தில் ஜானி டிரை நுயென், ‘துப்பாக்கி’யில் வித்யுத் ஜம்வால், ‘ஸ்பைடர்’ (2017) படத்தில் எஸ்.ஜே. சூர்யா ஆகியோரின் பாத்திரங்கள் நாயகனின் அறிவுக்கு ஈடுகொடுக்கும்போது படம் விறுவிறுப்படைகிறது; எதிரி தளரும்போது படமும் தளர்கிறது.

தமிழ்த் திரையில் மும்பைத் தமிழர்

‘துப்பாக்கி’யின் இடத்தை உணர்வதற்கு, அதற்கு முன்னும் பின்னும் தமிழ்த் திரை மும்பைத் தமிழரை எவ்வாறு காட்டியது என்பதை நோக்க வேண்டும்.

தாராவியில் தோல் பதனிடும் தொழிலிலும் பிற தொழில்களிலும் உழைக்கத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். மாட்டுங்காவில் அலுவலகப் பணிகளுக்காக வந்த குடும்பங்கள் கோயில்களையும் பள்ளிகளையும் உணவகங்களையும் உருவாக்கின. செம்பூரிலும் பின்னர் பலர் குடியேறினர். தென்னகம் செல்லும் தொலைதூர ரயில்கள் பல புறப்படும் லோகமான்ய திலக் முனையம் குர்லாவில் உள்ளது. விடுமுறைக்கு ஊர் செல்வோரும் பிழைப்புத் தேடி வருவோரும் கடந்து செல்லும் வாயில் அது. 1966-ஆம் ஆண்டு சிவசேனை தொடங்கப்பட்டபோது தென்னிந்தியருக்கு எதிரான முழக்கம் அதன் தொடக்ககால அரசியலின் மையமாக இருந்ததையும் இம்மக்கள் கடந்து வந்துள்ளனர்.

இத்தனை விரிந்த வாழ்வில் தமிழ்த் திரை பெரிதும் எடுத்துக்கொண்டது ஒரு பகுதியைத்தான். 1987-ஆம் ஆண்டு மணிரத்னம் இயக்கிய ‘நாயகன்’, வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவித் தாராவியில் எழும் ஒரு நிழலுலகத் தலைவனைக் காட்டியது. 1995-ஆம் ஆண்டு சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய ‘பாட்ஷா’வில், சென்னையில் ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்தின் மறைந்த கடந்தகாலம் பம்பாய் நிழலுலகமாக இருந்தது. 2013-இல் வந்த ‘தலைவா’வும் மும்பைத் தமிழர்களுக்குத் தலைமை தாங்கும் நிழலுலகத் தந்தையையும் மகனையும் பற்றியது. 2018-இல் பா. ரஞ்சித் இயக்கிய ‘காலா’ தாராவியின் நில உரிமையை அரசியலாக முன்வைத்தது. எனினும் அதன் மையத்திலும் ஒரு முன்னாள் தாதாவே நின்றார். 2022-இல் வந்த ‘வெந்து தணிந்தது காடு’ படத்தில், பரோட்டாக் கடைக்கு வேலைக்கு வரும் தென்தமிழக இளைஞன் மும்பைக் குற்றக் குழுவில் சேர்ந்துவிடுகிறான்.

இவற்றுள் பல சிறந்த படங்கள். ஆயினும் மும்பையில் வாழும் தமிழர் என்றாலே சட்டத்துக்கு வெளியே நிற்கும் தலைவர் அல்லது அவரது நிழலில் வாழும் மக்கள் என்ற பிம்பம் தமிழ்நாட்டுப் பார்வையாளரிடம் வலுப்பெற்றதற்கு இவ்வரிசையும் ஒரு காரணம்.

துப்பாக்கி: ஒரு குடும்பத்தின் வீடு

2012-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி தீபாவளிக்கு ‘துப்பாக்கி’ வெளியானது. கலைப்புலி எஸ். தாணு தயாரித்தார். விஜய், காஜல் அகர்வால், வித்யுத் ஜம்வால், ஜெயராம், சத்யன் ஆகியோர் நடித்தனர். சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்தார். ஹாரிஸ் ஜெயராஜ் இசையமைத்தார். ஸ்ரீகர் பிரசாத் படத்தொகுப்பு செய்தார்.

ராணுவ அதிகாரி ஜெகதீஷ் விடுப்பில் ரயிலேறி வீட்டுக்கு வருகிறார். அவரது வீடு மும்பையில் இருக்கிறது. பெற்றோர், தங்கைகள், உடனே பெண் பார்க்க அழைத்துச் செல்லும் அவசரம், காவல்துறையில் பணியாற்றும் நண்பன் என மதுரையிலோ கோவையிலோ நிகழக்கூடிய குடும்பக் காட்சிகள் மும்பையில் நிகழ்கின்றன. அவர்கள் ஏன் இந்நகரில் இருக்கிறார்கள் என்று படம் விளக்கவில்லை. விளக்கம் தேவையில்லை என்ற அந்த நிலைப்பாடே புதிது. குற்றமும் வறுமையும் இல்லாமலும் ஒரு தமிழ்க் குடும்பம் மும்பையைத் தன் ஊராகக் கொள்ளலாம் என்பதை ஒரு பெரும் வணிகப் படம் இயல்பாக ஏற்றுக்கொண்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் எண்ணற்ற வீடுகளின் இயல்பு நிலை அதுவே.

இந்நகரம் ஆபத்துக்குள்ளாகும்போது அதைக் காப்பவன் அந்த வீட்டின் மகன். பேருந்து ஒன்றில் குண்டு வெடிக்கிறது. மும்பை மக்களுக்கு இது கற்பனை நிகழ்வு மட்டுமன்று. 2002-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி குர்லாவுக்கு அருகிலுள்ள காட்கோபரில் பேருந்தில் குண்டு வெடித்தது. 2006 ஜூலை 11 அன்று மேற்குப் புறநகர் ரயில்களில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2008 நவம்பர் 26 தாக்குதலுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து இப்படம் வந்தது.

படத்தின் புகழ்பெற்ற பகுதி, நகரெங்கும் பிரிந்து செல்லும் பன்னிரண்டு பேரைப் பின்தொடர்ந்து ஒரே நேரத்தில் சுட்டு வீழ்த்தும் காட்சி. திருமணம் ஒன்றுக்குக் கூடிய ராணுவ நண்பர்களுக்கு ஜெகதீஷ் ஆளுக்கொருவராக இலக்கைப் பிரித்துத் தருகிறார். நெரிசலான சாலைகளிலும் ரயில்களிலும் பின்தொடர்தல் நடக்கிறது. நகரத்தின் கூட்டமே இக்காட்சியில் மறைவிடமாகவும் இடையூறாகவும் அமைகிறது. ‘ரமணா’வில் கண்ட கணக்கு முறை இங்கு தன் முழு வளர்ச்சியை அடைந்தது எனலாம்.

அடுத்து எதிரி பதிலடி தருகிறான். தாக்குதலில் ஈடுபட்ட வீரர்களின் குடும்பப் பெண்கள் கடத்தப்படுகின்றனர். ஜெகதீஷ் தன் தங்கையையே அவர்களுள் ஒருத்தியாக அனுப்பி, பழக்கிய நாயின் மோப்பத்தைக் கொண்டு அவர்களது இருப்பிடத்தைக் கண்டறிகிறார். பிறர் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் நாட்டில் தன் வீட்டு உயிரையும் பணயம் வைக்க முடியுமா என்ற வினாவை இப்பகுதி எழுப்புகிறது. முருகதாஸ் படங்களில் நாயகனுக்கு உண்மையான இழப்பு நேரக்கூடும் என்ற அச்சம் பார்வையாளருக்கு எழும் இடங்களுள் இது ஒன்று.

இந்தியில் அக்‌ஷய் குமார், சோனாக்‌ஷி சின்ஹா நடிப்பில் ‘ஹாலிடே’ (2014) என முருகதாஸே இதை மீண்டும் இயக்கினார். கதை அவ்வளவாக மாறவில்லை. ஆனால் இந்தி பேசும் நாயகன் மும்பையில் வாழ்வதில் தனித்துவம் ஏதுமில்லை. தமிழ் வடிவத்தில் இருந்த நுட்பம், அதாவது வேறு மொழி பேசும் நகரத்தைத் தன் சொந்த ஊராகக் கொண்ட ஒருவன் அதற்காக உயிரைப் பணயம் வைப்பது, இந்தியில் தானாகவே மறைந்தது.

எதிர்ப்பும் அது உணர்த்துவதும்

‘துப்பாக்கி’ வெளியானபோது, இஸ்லாமியரைத் தவறாகச் சித்திரிப்பதாகத் தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. படக்குழுவினர் வருத்தம் தெரிவித்ததுடன் சில காட்சிகளை நீக்கவும் ஒப்புக்கொண்டனர்.

குர்லா போன்ற பகுதியிலிருந்து நோக்கும்போது இவ்விவாதம் மேலும் நெருக்கமாகிறது. முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் பகுதி இது. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் மும்பையில் உள்ளன. குண்டுவெடிப்பில் எல்லா மதத்தினரும் உயிரிழந்தனர். அதன்பின் எழுந்த சந்தேகப் பார்வையை மட்டும் ஒரு சமூகம் தனித்துச் சுமந்தது. மும்பைத் தமிழர் குறித்த பழைய பிம்பத்தை உடைத்த அதே படம், மற்றொரு சமூகத்தைப் பற்றிய பழைய பிம்பத்தை நம்பி நின்றது. நாயகன் கைதியை நீதிமன்றத்தின் முன் நிறுத்தாமல் தன் வீட்டு அறையிலேயே அடைத்து வைப்பதும், சதிக்குத் துணைபோன அலுவலரைத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளச் செய்வதும் படத்தில் வீரமாகவே காட்டப்படுகின்றன. தூக்கு மேடை ஏறிய ‘ரமணா’வின் மனச்சான்று இங்கு இல்லை.

கத்தி முதல் சர்கார் வரை

2014-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘கத்தி’, முருகதாஸை மீண்டும் சமூகக் கதைக்கு அழைத்து வந்தது. விஜய் இரட்டை வேடம் ஏற்க, அனிருத் இசையமைத்தார். திருநெல்வேலி மாவட்டத்துக் கற்பனைக் கிராமமான தன்னூத்தின் நிலத்தடி நீரைக் குளிர்பான நிறுவனம் ஒன்று கைப்பற்ற முனைவதும், முதியவர்கள் அதை எதிர்ப்பதும் கதை. ஊடகங்கள் தம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக உயிரைக் கொடுக்கும் முதியவர்களின் காட்சி, வணிகப் படங்களில் அரிதாகவே காணப்படும் கடுமை கொண்டது. தாராவித் தமிழர்களில் பலரது பூர்வீகம் அந்த மாவட்டமே என்பதால், நீரற்ற நிலத்தின் கதை மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அயலானதன்று. தெலுங்கில் இது சிரஞ்சீவி நடித்த ‘கைதி நம்பர் 150’ (2017) ஆனது.

2016-இல் சாந்தகுமார் இயக்கிய ‘மௌனகுரு’ (2011) தமிழ்ப் படத்தை ‘அகிரா’ என இந்தியில் இயக்கினார். ஆண் நாயகன் இருந்த இடத்தில் சோனாக்‌ஷி சின்ஹா நடித்தார். கதை மும்பையில் நிகழ்ந்தது. 2017-இல் மகேஷ் பாபு நடித்த ‘ஸ்பைடர்’ தமிழிலும் தெலுங்கிலும் வெளியானது.

2018-இல் வெளியான ‘சர்கார்’ இரண்டு காரணங்களால் செய்திகளில் இடம்பெற்றது. தம் கதையை ஒத்திருப்பதாக வருண் ராஜேந்திரன் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் முறையிட்டார். அப்போது சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரு கதைகளுக்கும் ஒற்றுமை உள்ளதாகத் தெரிவித்தார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, படத்தில் வருண் ராஜேந்திரனுக்கு நன்றி தெரிவிக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. படம் வெளியான பின், அரசின் விலையில்லாப் பொருள்களை எரிக்கும் காட்சி உள்ளிட்டவற்றுக்கு ஆளுங்கட்சியான அ.தி.மு.க. எதிர்ப்புத் தெரிவித்ததால் சில பகுதிகள் நீக்கப்பட்டன.

மறுபுறம், ஒருவரது வாக்கை மற்றொருவர் செலுத்திவிட்டால் உரிமையாளர் தனி வாக்குச்சீட்டில் வாக்களிக்க இடமளிக்கும் தேர்தல் நடத்தை விதி 49பி பற்றிப் பொதுமக்கள் பரவலாக அறிந்தது இப்படத்தின் மூலமே. வாழ்வில் பயன்படும் ஒரு சட்டக் குறிப்பைக் கதையின் திருப்பமாக மாற்றும் முருகதாஸின் திறனுக்கு இது சான்று.

தர்பாரும் சிக்கந்தரும்

2020 ஜனவரி 9-ஆம் தேதி வெளியான ‘தர்பார்’ படத்தில் ரஜினிகாந்த், மும்பை மாநகரக் காவல் ஆணையர் ஆதித்ய அருணாசலமாக நடித்தார். ‘பாட்ஷா’வில் பம்பாயின் தாதாவாகவும் ‘காலா’வில் தாராவியின் தலைவராகவும் நடித்தவர், இப்போது அதே நகரின் சட்டத்தின் உச்சியில் அமர்ந்தார். மும்பைத் தமிழரின் திரைப் பிம்பத்தில் இதுவும் ஒரு நிலைமாற்றமே.

ஆனால் அம்மாற்றம் ஆழம் பெறவில்லை. போதைப்பொருள் கும்பலை எதிர்க்கும் ஆணையர் விசாரணையின்றிச் சுட்டுக்கொல்வதையே வழக்கமாக்குகிறார். அந்த எண்கவுன்ட்டர் முறை குறித்து மும்பையில் நீண்டகாலமாக நிலவும் கேள்விகளைப் படம் நகைச்சுவையாகக் கடந்துவிடுகிறது. சுனில் ஷெட்டியின் எதிரிப் பாத்திரமும் நாயகனுக்கு நிகராக நிற்கவில்லை. நட்சத்திரத்தின் எடை கதையின் கணக்கை விஞ்சியது.

2025 மார்ச் 30 அன்று ரம்ஜானையொட்டி வெளியான ‘சிக்கந்தர்’ படத்தில் சல்மான் கான், ராஷ்மிகா மந்தனா, சத்யராஜ் நடித்தனர். இறந்த மனைவியின் உறுப்புகளைப் பெற்ற மூவரைத் தேடி ராஜ்கோட்டிலிருந்து மும்பை வரும் ஒருவனின் கதை இது. கரு முருகதாஸுக்கே உரியது. மூன்று என்ற எண்ணும் ‘ஸ்டாலின்’ நினைவைத் தருகிறது. எனினும் படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 5-இல் சிவகார்த்திகேயன் நடிப்பில் ‘மதராஸி’ வெளியானது. தமிழ்நாட்டில் துப்பாக்கிக் கலாசாரத்தைப் பரப்ப முயலும் கும்பலை எதிர்கொள்ளும் இக்கதையில் வித்யுத் ஜம்வால் மீண்டும் எதிரியாக வந்தார்.

தயாரிப்பாளராக

முருகதாஸ் தயாரிப்பாளராகவும் புதியவர்களுக்கு வாய்ப்பளித்துள்ளார். ஃபாக்ஸ் ஸ்டார் ஸ்டுடியோஸுடன் இணைந்து தயாரித்த எம். சரவணனின் ‘எங்கேயும் எப்போதும்’ (2011), பேருந்து விபத்து ஒன்றை மையமாகக் கொண்ட சிறந்த படமாகப் பாராட்டப்பட்டது. அட்லி இயக்குநராக அறிமுகமான ‘ராஜா ராணி’ (2013) அக்கூட்டணியின் மற்றொரு வெற்றி. அட்லி பின்னர் ஷாருக் கானை இயக்கிய ‘ஜவான்’ (2023), ‘கஜினி’ திறந்துவிட்ட வழியில் தமிழ் இயக்குநர்கள் இந்தியில் எவ்வளவு தொலைவு சென்றுள்ளனர் என்பதைக் காட்டுகிறது.

மதிப்பீடு

முருகதாஸின் சிறந்த படங்களான ‘ரமணா’, ‘கஜினி’, ‘துப்பாக்கி’, ‘கத்தி’ ஆகியவற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. அவற்றில் கரு முதலில் வந்தது. நட்சத்திரம் அதற்குள் பொருந்தினார். பிற்காலப் படங்கள் சிலவற்றில் நட்சத்திரத்தின் தேவைக்கேற்பக் கரு வளைக்கப்பட்டதால் திட்டத்தின் கூர்மை மழுங்கியது. கல்பனாவுக்குப் பின் பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் பாடலுக்கும் காதலுக்குமான இடைவேளைகளாகச் சுருங்கியதும் குறிப்பிட வேண்டிய குறையாகும்.

மும்பையைப் பொறுத்தவரை அவரது பங்களிப்பு தெளிவானது. தாதாக்களின் நகரமாகவே தமிழ்த் திரை கண்ட இடத்தில், ஒரு நடுத்தரத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டை அவர் காட்டினார். அந்த வீட்டுக்கு வெளியே, தாராவியின் பட்டறைகளிலும் குர்லாவின் சந்துகளிலும் உழைத்து வாழும் தமிழரின் அன்றாட வாழ்வு அவரது படங்களில் இன்னும் விரிவாக இடம்பெறவில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தால் அப்பகுதியின் முகமே மாறிவரும் இக்காலத்தில், தாதாவோ காவலரோ அல்லாத ஒரு மும்பைத் தமிழரை மையமாகக் கொண்ட கதை தமிழ்த் திரையில் இன்னும் சொல்லப்பட வேண்டியதாகவே உள்ளது.